பெற்றோரின் வீட்டுக் காப்புறுதி: செலவைக் குறைக்கும் வழிகள்

தோட்டங்களில் முப்பது, நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற நம் பெற்றோரில் பலர் இன்று தோட்டத்து வீடுகளில் இல்லை. ஊழியர் சேமநிதியில் சேர்ந்த பணத்தையும், பிள்ளைகள் ஈட்டிய பணத்தையும், வங்கியில் பெற்ற கடனையும் ஒன்றுசேர்த்து, அருகிலுள்ள தாமானிலோ மலிவு விலை அடுக்குமாடியிலோ ஒரு வீட்டை வாங்கிக் குடியேறியிருக்கின்றனர். வாழ்நாள் உழைப்பின் பயனாக அவர்கள் கையில் எஞ்சி நிற்பது பெரும்பாலும் அந்த ஒரு வீடுதான். அவ்வீட்டிற்கு ஆண்டுதோறும் காப்புறுதிக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வருகிறது. கடிதம் ஆங்கிலத்தில் அல்லது மலாயில் இருக்கும். என்ன ஏதென்று கேளாமல், கேட்ட தொகையைக் கட்டிவிட்டு, ரசீதைப் பிஸ்கட் டின்னில் போட்டு மூடி வைத்துவிடுவது நம் முதியோரின் வழக்கம்.

அந்த டின்னை அவர்களுடன் உட்கார்ந்து ஒருமுறை திறந்து பார்க்கும்படி தோட்டத்தில் வேலை செய்யும் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் நாம் கேட்டுக்கொள்கிறோம். வீட்டுக் காப்புறுதிக் கட்டணம் மோட்டார் வண்டிக் காப்புறுதியைப் போல் பெருந்தொகை அன்று. எனினும், மாதந்தோறும் எண்ணிச் செலவிடும் முதியவருக்கு ஐம்பது வெள்ளியும் நூறு வெள்ளியும் சிறு தொகையல்ல. இதில் ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தேவையற்றதற்குப் பணம் கட்டுவதை நிறுத்தினால் செலவு குறையும். தேவையானதை வெட்டினாலும் செலவு குறையும். முன்னது சிக்கனம், பின்னதோ, வீடு எரிந்த அன்று அல்லது வெள்ளம் புகுந்த அன்றுதான் தன் விலையைக் காட்டும். இரண்டையும் பிரித்தறிவதற்குக் காப்புறுதிப் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் நாட்டில் வீடு சம்பந்தமாக விற்கப்படும் பொதுக் காப்புறுதி மூவகைப்படும். முதலாவது, அடிப்படைத் தீக் காப்புறுதி. இது தீ, மின்னல், வீட்டில் பயன்படுத்தும் எரிவாயு வெடித்தல் ஆகியவற்றால் கட்டடத்திற்கு நேரும் சேதத்திற்கு மட்டும் ஈடு தரும். இரண்டாவது, வீட்டு உரிமையாளர் காப்புறுதி. இதுவும் கட்டடத்திற்கே உரியது. ஆயினும் வெள்ளம், புயற்காற்று, தண்ணீர்க் குழாய் வெடித்தல், பூட்டை உடைத்துத் திருடுவதால் ஏற்படும் சேதம், வாகனம் மோதுதல் போன்றவற்றையும் சேர்த்துக்கொள்ளும். மூன்றாவது, வீட்டுப் பொருட்கள் காப்புறுதி. நாற்காலி, மேசை, தொலைக்காட்சி, குளிர்பதனப் பெட்டி, துணிமணி முதலிய உடைமைகளுக்கானது இது.

நான்காவதாக ஒன்றும் டின்னில் கிடக்கக் கூடும். வீட்டுக் கடன் வாங்கியபோது எடுக்கப்பட்ட கடன் குறைப்பு ஆயுள் காப்புறுதி அது. கடன் வாங்கியவர் இறந்துவிட்டாலோ நிரந்தரமாக உடல் முடங்கிப்போனாலோ, மீதிக் கடனை வங்கிக்குச் செலுத்துவது இதன் பணி. வீடு எரிந்தால் இது ஒரு காசும் தராது. “வங்கியில் காப்புறுதி எடுத்திருக்கிறோம், அது போதும்” என்று இந்தப் பத்திரத்தை நம்பிக்கொண்டிருக்கும் முதியோர் உண்டு. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிக் குழம்புதல் கூடாது.

தோட்டத்து லயன் வீட்டிலோ குவார்ட்டர்ஸிலோ இன்னும் குடியிருப்போருக்கு ஒரு சொல். அந்தக் கட்டடம் நிருவாகத்தின் சொத்து. அதற்குக் காப்புறுதி எடுப்பது நம் பொறுப்பன்று. அங்கே வாழும் பெற்றோருக்கு உடைமைகளுக்கான காப்புறுதி மட்டுமே பொருந்தும். கட்டடத்திற்குச் சேர்த்து ஒருவர் விற்க முன்வந்தால் வாங்க வேண்டியதில்லை.

நிலம் எரிவதில்லை

கட்டணம் மிகுதியாவதற்கு நாம் கண்ட முதற் காரணம், காப்புறுதித் தொகையைத் தவறாகக் குறித்திருப்பதே. வீட்டை என்ன விலைக்கு வாங்கினோமோ, அல்லது இன்று என்ன விலைக்கு விற்கலாமோ, அந்தத் தொகைக்கே காப்புறுதி எடுத்திருப்பர். அந்த விலையில் நிலத்தின் மதிப்பும் அடங்கியிருக்கிறது. வீடு தீக்கிரையானாலும் நிலம் அங்கேயே கிடக்கும். ஆகையால் காப்புறுதி செய்ய வேண்டியது, கட்டடத்தை அடித்தளம் முதல் கூரை வரை இன்றைய கூலிக்கும் இன்றைய சாமான் விலைக்கும் மீண்டும் கட்டி எழுப்ப ஆகும் செலவை மட்டுமே. இடிபாடுகளை அகற்றும் செலவையும், கட்டட வரைபடக்காரருக்குக் கொடுக்கும் கட்டணத்தையும் அதனுடன் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு தரைவீட்டின் சந்தை விலை 280,000 வெள்ளி என்றும், அதை மீண்டும் கட்ட 160,000 வெள்ளி போதும் என்றும் வைத்துக்கொள்வோம். கட்டணம் காப்புறுதித் தொகையின் அளவைப் பொறுத்துக் கணக்கிடப்படுவதால், 280,000 வெள்ளிக்குக் காப்புறுதி எடுத்தவர் கட்டும் ஒவ்வொரு ஏழு வெள்ளியிலும் மூன்று வெள்ளி வீணே போகிறது. வீடு முழுவதும் அழிந்தாலும் நிறுவனம் உண்மையான இழப்பைத்தான் ஈடு செய்யும்; கூடுதலாகக் கட்டிய தொகைக்குக் கூடுதலாக எதுவும் கிடைக்காது.

மீண்டும் கட்டும் செலவை மதிப்பிடத் தெரியவில்லையே என்று தயங்க வேண்டியதில்லை. மலேசியப் பொதுக் காப்புறுதிச் சங்கமாகிய ‘பியாம்’ தன் இணையத்தளத்தில் கட்டடச் செலவுக் கணிப்பான் ஒன்றை வைத்துள்ளது. வீட்டின் வகை, இருக்கும் இடம், கட்டடப் பரப்பு ஆகியவற்றைக் கொடுத்தால் அண்ணளவான தொகையைக் காட்டும். கைப்பேசி உள்ள இளையவர் ஒருவர் பத்து நிமிடத்தில் செய்துவிடலாம். அக்கம்பக்கத்தில் வீடு கட்டும் கொத்தனாரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

இங்கே ஓர் எச்சரிக்கை மிகவும் அவசியம். குறைக்கலாம் என்று தெரிந்தவுடன், மீண்டும் கட்டும் செலவுக்கும் கீழே தொகையை இறக்கிவிடலாகாது. பெரும்பாலான பத்திரங்களில் விகித விதி என்று ஒன்று உண்டு. மீண்டும் கட்ட 150,000 வெள்ளி ஆகும் வீட்டை 90,000 வெள்ளிக்கு மட்டும் காப்புறுதி செய்தால், நூற்றுக்கு அறுபது பங்குதான் காப்புறுதி செய்ததாகப் பொருள். அடுப்படியில் தீப்பிடித்து 30,000 வெள்ளி சேதமானால், “என் காப்புறுதித் தொகை 90,000 ஆயிற்றே, 30,000 முழுவதும் கிடைக்குமே” என்று முதியவர் எதிர்பார்ப்பார். கிடைப்பதோ அதில் அறுபது விழுக்காடாகிய 18,000 வெள்ளிதான். மீதி 12,000 வெள்ளிக்கு அவர் யாரிடம் போவார்? சில வெள்ளிகளைச் சேமிக்கப் போய் இந்நிலைக்கு வந்தவர்களின் துன்பம் பெரிது. சிமெந்தும் இரும்பும் கூலியும் ஏறிக்கொண்டே போவதால், இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை தொகையைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

அடுக்குமாடியில் இருப்போர்

மலிவு விலை அடுக்குமாடி வீட்டில் பெற்றோர் வசிப்பாராயின், அவர்கள் ஒரே கட்டடத்திற்கு இருமுறை பணம் கட்டிக்கொண்டிருக்கக் கூடும். 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிருவாகச் சட்டத்தின்படி, தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் அடுக்குமாடிக் கட்டடம் முழுவதற்கும் நிருவாக அமைப்பே காப்புறுதி எடுக்க வேண்டும். மாதாமாதம் நாம் கட்டும் பராமரிப்புக் கட்டணத்திலிருந்துதான் அதற்கான பணம் செல்கிறது. அவ்வாறிருக்க, முகவர் ஒருவர் சொன்னார் என்பதற்காக அதே சுவருக்கும் அதே கூரைக்கும் பெரியவர் தனியாகவும் ஒரு பத்திரம் எடுத்திருந்தால், அது பயனற்ற செலவு. இரண்டு பத்திரம் இருந்தாலும் இரட்டிப்பு ஈடு கிடைக்காது. நேர்ந்த இழப்பு எவ்வளவோ அவ்வளவே கிடைக்கும்.

ஆயினும், சட்டம் இருக்கிறது என்று மட்டும் நம்பித் தனிப் பத்திரத்தை நிறுத்திவிடுவது விவேகமாகாது. பராமரிப்புக் கட்டணம் வசூலாகாமல் நொடித்துப் போன நிருவாக அமைப்புகளும் சில இடங்களில் உண்டு. அத்தகைய இடங்களில் கட்டடக் காப்புறுதி புதுப்பிக்கப்படாமல் கிடக்கலாம். ஆகவே முதலில் நிருவாக அலுவலகத்திற்குச் சென்று, நடப்பாண்டுக்குரிய காப்புறுதிச் சான்றின் நகலைக் கேட்டு வாங்க வேண்டும். முடிவுத் தேதியையும், காப்புறுதியில் வெள்ளம் சேர்ந்திருக்கிறதா என்பதையும் அதில் பார்க்க வேண்டும். சான்று கையில் கிடைத்த பின்னரே தனிக் கட்டடக் காப்புறுதியை நிறுத்தலாம். நிருவாகத்தின் காப்புறுதி உடைமைகளைக் காப்பதில்லை. பெற்றோர் பிற்பாடு தம் செலவில் அமைத்துக்கொண்ட அலமாரி, கூடுதல் தடுப்பு ஆகியவையும் பொதுவாக அதில் சேரா. அவற்றுக்கு வேண்டுமானால் வீட்டுப் பொருட்கள் காப்புறுதி ஒன்றைச் சிறு தொகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

கடன் முடிந்ததா, முடியவில்லையா?

வீட்டுக் கடன் இன்னும் நிலுவையில் இருந்தால் தீக் காப்புறுதியை வங்கி கட்டாயமாகக் கேட்கும். பல வங்கிகள் தாமே ஒரு நிறுவனத்தில் எடுத்து, கட்டணத்தைக் கடன் கணக்கில் எழுதிவிடுகின்றன. அதற்கும் வட்டி ஏறும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. கட்டணத்தை உரிய காலத்தில் ரொக்கமாகவே செலுத்திவிட்டால் அந்த வட்டி மிச்சம். வேறொரு நிறுவனத்தில் குறைந்த கட்டணத்திற்குக் கிடைத்தால் ஏற்றுக்கொள்வீர்களா என்றும் வங்கியைக் கேட்கலாம். வங்கியின் பெயர் பத்திரத்தில் இடம்பெற வேண்டும், குறைந்த அளவு இன்னின்ன காப்பு இருக்க வேண்டும் என்று வங்கி நிபந்தனை விதிக்கும். அதற்கு உட்பட்டு மாற்றிக்கொள்ள இயலும். சிலர் இதை அறியாமல், தாமும் ஒரு பத்திரம் எடுத்து, வங்கி எடுத்ததற்கும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருக்கின்றனர். வங்கியிலிருந்து வரும் ஆண்டுக் கணக்கறிக்கையைப் பார்த்தால் இது புலப்படும்.

கடன் முடிந்துவிட்டிருந்தால் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். வங்கி அதுவரை எடுத்து வந்த காப்புறுதி அத்துடன் நின்றுபோய், வீடு எவ்விதப் பாதுகாப்புமின்றி இருக்கலாம். கட்டணம் வரவில்லையே என்று மகிழ்ந்திருக்கும் முதியவர், உண்மையில் காப்புறுதியே இல்லாமல் இருக்கிறார். அடுத்து, கடனைக் காலத்திற்கு முன்பே அடைத்து முடித்தவர்கள், முதலிலேயே மொத்தமாகப் பணம் கட்டி எடுத்த கடன் குறைப்புக் காப்புறுதியில், எஞ்சிய காலத்திற்காக ஒரு தொகையைத் திரும்பப் பெறக் கூடும். யாரும் தாமாக வந்து கொடுத்துவிட்டுப் போக மாட்டார்கள். பத்திரத்தை எடுத்துச் சென்று அந்த ஆயுள் காப்புறுதி நிறுவனத்திடம் கேட்டுப் பார்க்க வேண்டும்.

பலகை வீடா, கல்வீடா?

வீட்டுக் காப்புறுதிக்கான கட்டணம் முதியவரின் வயதைப் பொறுத்ததன்று, கட்டடத்தைப் பொறுத்தது. சுவர் கல்லா பலகையா, கூரை ஓடா தகரமா அத்தாப்பா என்பதைக் கொண்டு வீடுகள் வகைப்படுத்தப்படுகின்றன. பலகை வீட்டிற்குக் கட்டணம் அதிகம், கல்வீட்டிற்குக் குறைவு. பலகை வீடாக வாங்கியதைப் பிள்ளைகள் தலையெடுத்த பின் சிறிது சிறிதாகக் கல்வீடாக மாற்றிக் கட்டிய குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். வீடு மாறிவிட்டது, பத்திரம் மாறவில்லை. பத்து ஆண்டுகளுக்கு முன் எழுதியபடியே பலகை வீட்டிற்குரிய கட்டணம் வசூலாகிக்கொண்டிருக்கும். வீட்டைப் படம் எடுத்து அனுப்பி, வகையைத் திருத்தச் சொன்னால் கட்டணம் இறங்கும். அதே வேளையில் மீண்டும் கட்டும் செலவு ஏறியிருக்கும் என்பதால் காப்புறுதித் தொகையையும் சேர்த்துத் திருத்த வேண்டும்.

உண்மையைச் சொல்வதற்கு அஞ்சக் கூடாது. வீட்டின் முன்புறத்தில் அம்மா தோசைக்கடை போட்டிருந்தாலும், பின்னறையை வாடகைக்கு விட்டிருந்தாலும், தையல் இயந்திரங்கள் நான்கை வைத்து வேலை நடந்தாலும் அதைத் தெரிவித்தே ஆக வேண்டும். 2013ஆம் ஆண்டின் நிதிச் சேவைச் சட்டம், காப்புறுதி எடுப்போர் கேட்கப்படும் கேள்விகளுக்குத் தவறான தகவல் தராதிருக்கத் தக்க கவனம் எடுக்க வேண்டும் என்று விதிக்கிறது. கடையை மறைத்தால் கட்டணம் சற்றுக் குறையலாம். கடையின் எரிவாயுத் தோம்பு வெடித்துத் தீப்பிடித்தால், ஈட்டுத்தொகை குறைக்கப்படும் அல்லது மறுக்கப்படும்.

தாலிக்கொடியும் தங்கமும்

உடைமைகளுக்கான காப்புறுதியில் நம் மக்கள் பெரிதும் ஏமாறுவது நகை விஷயத்தில்தான். வழக்கமான வீட்டுப் பொருட்கள் காப்புறுதியில், தனியாகக் குறிப்பிட்டு எழுதாத ஒரு பொருளுக்கு, மொத்தத் தொகையில் 5 விழுக்காட்டிற்கு மேல் மதிப்பு ஏற்கப்படுவதில்லை. தங்கம், வெள்ளி, நகைகள் அனைத்தும் சேர்ந்து மொத்தத் தொகையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டலாகாது. 20,000 வெள்ளிக்குக் காப்புறுதி செய்த வீட்டில் தாலிக்கொடி களவுபோனால், அதைத் தனியாகக் குறித்திராத பட்சத்தில் 1,000 வெள்ளிதான் கணக்கு. இன்றைய தங்க விலையில் அது எம்மட்டு என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

நகைக்காகவே காப்புறுதித் தொகையை 50,000, 60,000 என்று உயர்த்தி வைத்துக் கட்டணம் கட்டுவோர், பழைய மரச் சாமான்களுக்கும் சேர்த்து வீண் பணம் கொடுக்கிறார்கள். அன்றாடம் அணியும் நகையைத் தனியே எழுதச் சொல்லி, மற்றவற்றை வங்கிப் பெட்டகத்தில் வைத்து, உடைமைகளின் தொகையை உள்ளபடி குறைத்துக்கொள்வதே சிக்கனமாகத் தோன்றுகிறது. பெட்டக வாடகை எவ்வளவு என்பதையும் கேட்டுக் கணக்கிட்டுக்கொள்க. நகையின் ரசீதும் படமும் பத்திரமாக இருக்கட்டும். அவை இல்லாமல் ஈடு கேட்பது பெரும்பாடு.

வெட்டக் கூடாதது

கட்டணத்தைக் குறைக்கக் கேட்டால் சில முகவர்கள் எளிய வழி ஒன்றைக் காட்டுவர்: வீட்டு உரிமையாளர் காப்புறுதியை விட்டுவிட்டு அடிப்படைத் தீக் காப்புறுதிக்கு மாறிவிடலாம் என்பார்கள். கட்டணம் உண்மையிலேயே குறையும். ஆனால் வெள்ளக் காப்பு அத்துடன் போய்விடும். 2014ஆம் ஆண்டு இறுதியில் கிளந்தான் முதலிய கிழக்குக்கரை மாநிலங்களில் வெள்ளம் செய்த அழிவை நாடறியும். 2021 டிசம்பரில் பெருமழை பெய்தபோது, ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா போன்ற, வெள்ளத்தை அவ்வளவாக எதிர்பாராத மேற்குக்கரை நகர்ப்புறங்களும் கூரை வரை மூழ்கின. அந்த வெள்ளப் பருவத்தின் மொத்த இழப்பை 610 கோடி வெள்ளி என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. தீக் காப்புறுதி மட்டும் வைத்திருந்தவர்களுக்கு அவ்வெள்ளத்தால் நேர்ந்த சேதத்திற்கு ஈடு இல்லை. ஆற்றோரத்திலும் தாழ்ந்த நிலத்திலும் வீடு உள்ள பெற்றோரின் வெள்ளக் காப்பை, எத்தனை வெள்ளி மிச்சமாவதாக இருந்தாலும், நீக்கச் சொல்ல மாட்டோம்.

குன்றோ சரிவோ இல்லாத சமதரையில் உள்ள வீட்டிற்கு மண்சரிவுக்கான கூடுதல் காப்பு சேர்க்கப்பட்டிருந்தால், அதைப் பற்றிக் கேள்வி எழுப்பலாம். இத்தகைய கூடுதல் காப்புகள் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் உண்டு. இழப்பில் முதற்பகுதியைத் தாமே ஏற்பதாக ஒப்புக்கொண்டு கட்டணத்தைக் குறைக்கும் முறையும் சில நிறுவனங்களில் இருக்கிறது. அந்த முதற்பகுதியைக் கையிலிருந்து எடுத்து வைக்கக் கூடிய சேமிப்பு இல்லாத முதியவருக்கு இது ஏற்றதன்று.

பிள்ளைகள் வீடுகளில் மாதக்கணக்கில் மாறி மாறித் தங்கும் தாய் தந்தையர் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். வீடு தொடர்ந்து நெடுநாள் ஆளில்லாமல் கிடந்தால், சில காப்புகள் தாமே நின்றுவிடும். திருட்டுக்கு 90 நாள் என்று எல்லை வைத்திருக்கும் பத்திரங்கள் உண்டு. முன்கூட்டியே நிறுவனத்திற்குத் தெரிவித்துவிட்டால் தொல்லையில்லை.

விலை விசாரித்தல்

பல ஆண்டுகள் நம் நாட்டில் தீக் காப்புறுதிக்கு ஒரே பொதுக் கட்டண அட்டவணை நடைமுறையில் இருந்தது. எங்கே கேட்டாலும் அதே விலை என்பதால் விசாரிப்பதில் பயனில்லாமலிருந்தது. 2016 ஜூலை முதல் பேங்க் நெகாரா அந்த ஏற்பாட்டைப் படிப்படியாகத் தளர்த்தத் தொடங்கியது. ஆகவே இரண்டு மூன்று நிறுவனங்களில் ஒரே தொகைக்கு, ஒரே வகைக் காப்புக்கு விலை கேட்டு ஒப்பிடுவது பயனளிக்கும். முகவர் வழியாக அன்றி நிறுவனத்திடமே நேராக அல்லது இணையம் வழி எடுத்தால் கழிவு உண்டா என்றும் கேட்க வேண்டும். தக்காஃபுல் நிறுவனங்களும் வீட்டிற்குக் காப்பு அளிக்கின்றன. அவற்றில் எல்லாச் சமயத்தாரும் சேரலாம். ஈடு எதுவும் கேட்காத ஆண்டில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கும் திட்டங்கள் அங்கே சில உண்டு. வருமானம் குறைந்த குடும்பங்களுக்காக 2017இல் தொடங்கப்பட்ட ‘பெர்லிண்டுங்கான் தெனாங்’ என்னும் ஏற்பாட்டின் கீழ், குறைந்த கட்டணத்தில் எளிய காப்புறுதிகள் விற்கப்படுகின்றன. பெற்றோருக்குப் பொருந்துவது அவற்றில் ஏதேனும் உண்டா என்று விசாரிப்பதில் நட்டமில்லை.

குறைக்க முடியாத பகுதியும் ஒன்று உண்டு. கட்டணத்தின் மீது சேவை வரி விதிக்கப்படுகிறது. 2024 மார்ச் 1ஆம் தேதி அது 6 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாக உயர்ந்தது. பத்திரம் ஒவ்வொன்றுக்கும் 10 வெள்ளி முத்திரைத் தீர்வையும் வழக்கமாகச் சேரும். கட்டடத்திற்கும் உடைமைகளுக்கும் தனித்தனிப் பத்திரம் வைத்திருப்பவர், இரண்டையும் ஒரே பத்திரமாக எழுதித் தரும் நிறுவனத்தை நாடினால் ஒரு முத்திரைத் தீர்வையாவது குறையும்.

நிறுவனத்தை மாற்ற முடிவு செய்தால், பழைய பத்திரம் முடியும் நாள் வரை காத்திருப்பதே லாபம். இடையில் நிறுத்தினால், கழிந்த நாட்களுக்குரியதை விடக் கூடுதலாகவே பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். புதிய பத்திரம் கைக்கு வரும் முன் பழையதை ஒருபோதும் நிறுத்தக் கூடாது. ஒரு நாள் இடைவெளி விழுந்தாலும் அந்த ஒரு நாள் வீடு காப்பற்றது.

பெரியவரின் பெயரில், பெரியவரின் கையொப்பத்துடன்

இவையனைத்தையும் பிள்ளைகள் தாமே தொலைபேசியில் பேசி முடித்துவிட இயலாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால், பத்திரத்திற்கு உரியவரைத் தவிர மற்றவரிடம் நிறுவனங்கள் விவரம் சொல்வதில்லை. அப்பாவையோ அம்மாவையோ அருகில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். அல்லது அவர்கள் கையொப்பமிட்ட அனுமதிக் கடிதம் கொடுக்க வேண்டும். அது நல்லதும்கூட. தம் வீட்டைப் பற்றித் தம்மைக் கேளாமல் முடிவு செய்வதை எந்தப் பெரியவரும் விரும்ப மாட்டார். ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லி, அவர் சரி என்ற பின்னரே கையொப்பம் வாங்குவது முறை.

டின்னைத் திறக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது பத்திரத்திலுள்ள பெயர். காலமாகிவிட்ட தந்தையின் பெயரிலேயே தாய் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தி வரும் வீடுகள் உண்டு. ரசீது வருகிறது, ஆகவே எல்லாம் சரியாக இருக்கிறது என்று அவர் நம்புகிறார். இழப்பு நேர்ந்த பிறகு, சொத்து யாருடையது, ஈட்டை யாரிடம் கொடுப்பது என்ற கேள்வி எழுந்து மாதக்கணக்கில் இழுபடும். மரணத்தை உடனே நிறுவனத்திற்குத் தெரிவித்து, யார் பெயரில் எவ்வாறு தொடரலாம் என்று எழுத்து மூலம் கேட்டுப் பெற வேண்டும். நிலப் பட்டாவும் இறந்தவர் பெயரிலேயே இருந்தால், சிறிய சொத்துகளுக்கான பங்கீட்டு மனுவை மாவட்ட நில அலுவலகத்திலேயே கொடுக்கலாம். இது காலம் பிடிக்கும் வேலை. ஆனால் தள்ளிப்போடத் தள்ளிப்போட வாரிசுகள் பெருகி மேலும் சிக்கலாகும்.

கட்டணத்தைப் பாதியாகக் குறைத்துத் தருவதாகத் தொலைபேசியில் அழைத்து, அடையாள அட்டை எண்ணையும் வங்கி விவரத்தையும் கேட்போரிடம் முதியோர் பேச்சை வளர்க்கக் கூடாது. பணத்தை முகவரின் சொந்தக் கணக்கில் போடாமல் நிறுவனத்தின் பெயருக்கே செலுத்த வேண்டும். ஏமாந்து பணம் அனுப்பிவிட்டதாகத் தெரிந்தால், தாமதியாமல் 997 என்னும் தேசிய மோசடித் தடுப்பு நடுவத்தின் எண்ணை அழைக்கலாம்.

காப்புறுதி பற்றிய ஐயங்களுக்குப் பேங்க் நெகாராவின் 1-300-88-5465 என்ற எண் இருக்கிறது. ஈடு கேட்டு நிறுவனம் நியாயமின்றி மறுத்ததாகத் தோன்றினால், முதலில் அந்நிறுவனத்தின் புகார்ப் பிரிவுக்கு எழுதி இறுதி முடிவை எழுத்தில் பெற வேண்டும். அதுவும் திருப்தியளிக்காவிடில், 2025 ஜனவரி 1 முதல் இயங்கிவரும் நிதிச் சந்தைக் குறைதீர் அமைப்பிடம் முறையிடலாம். இதற்கு முன் நிதிச் சேவைக் குறைதீர்ப்பாளர் அலுவலகம் என்று இருந்ததும், பங்குச் சந்தைத் தகராறுகளைத் தீர்க்கும் அமைப்பும் ஒன்றிணைந்து உருவானது இது. பயனீட்டாளர் கட்டணம் எதுவும் செலுத்த வேண்டியதில்லை. நிறுவனத்தின் இறுதி முடிவு கிடைத்த நாளிலிருந்து ஆறு மாதத்திற்குள் மனுச் செய்ய வேண்டும் என்பதால், அந்தக் கடிதம் வந்த தேதியை உறையின் மேலேயே எழுதி வைத்துக்கொள்க.